அந்த ஒன்பது பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை வாசித்து முடித்தேன். டிராய் மன்னர் பிரியாம் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டுப் போய், அவனைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸின் கைகளையே முத்தமிடும் இடத்தில் அழுதுவிட்டேன். இவரைப் போலொரு தந்தை இலக்கியத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு சந்தேகம். அவருக்கு 50 மகன்கள் என்கிறார்கள். அத்தனை பேரும் அரசி ஹெக்குபாவின் பிள்ளைகளா? இணையத்தில் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள்.

க.

அன்புள்ள க.,

19 பேர் ஹெக்குபா பெற்றவர்கள். மற்றவர்கள் அரண்மனையின் பிற பெண்களுக்குப் பிறந்தவர்கள். பிரியாமே இதை அக்கிலீஸிடம் சொல்கிறார், நீங்கள் அழுத இடத்துக்குச் சில வரிகள் தள்ளி. கையில் காவியத்தை வைத்துக்கொண்டு பட்டியலைத் தேடி அலைவது என்ன பழக்கம்?

உங்கள் கண்ணீரில் எனக்குக் குறையில்லை. அந்த இடத்தில் அழாதவரோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஆனால் "இவரைப் போலொரு தந்தை இல்லை" என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அதே 24-ஆம் காண்டத்தில், புறப்படும் முன் அவர் செய்ததை எப்படித் தாண்டிப் போனீர்கள்? ஹெலனஸ், பாரிஸ், பொலிட்டெஸ், டெய்ஃபோபஸ் என்று உயிரோடு மிஞ்சிய ஒன்பது மகன்களை அழைத்துத் திட்டித் தீர்க்கிறார். பொய்யர்களாம், கூத்தாடுவதில் மட்டும் சூரர்களாம், சொந்த ஊராரின் ஆட்டுக்குட்டிகளைத் திருடுபவர்களாம். ஹெக்டருக்குப் பதிலாக நீங்கள் அத்தனை பேரும் செத்திருக்கக் கூடாதா என்கிறார். போருக்கே காரணமான பாரிஸைத் திட்டியதில் எனக்கு வழக்கில்லை. மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

என் அண்ணன் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். துக்கம் கேட்க வந்த ஒருவரிடம் அப்பா, "இருக்க வேண்டியவன் போய்விட்டான்" என்றார். காபித் தட்டோடு நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா கல்மனசுக்காரர் அல்ல. நான் தட்டை வைத்துவிட்டு, வாசலில் நின்றவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். அந்த வயதில் வேறென்ன தெரியும்?

அந்த ஒன்பது பேரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கோவேறு கழுதை வண்டியை வெளியே கொண்டுவருகிறார்கள். அதன்மேல் பிரம்புக் கூடையை வைத்துக் கட்டுகிறார்கள். முளையில் மாட்டியிருந்த நுகத்தடியை இறக்குகிறார்கள். ஒன்பது முழக் கயிற்றால் அதை ஏர்க்காலோடு சேர்த்து, பக்கத்துக்கு மூன்று சுற்றாகச் சுற்றி இறுக்குகிறார்கள். ஒரு கயிற்றுக்கு ஹோமர் ஏன் இத்தனை வரி செலவழிக்கிறார்? வண்டி பூட்டும் முறையைச் சொல்லித்தரவா? அப்பனுக்குப் பயந்துதான் செய்கிறார்கள் என்று அவரே சொல்கிறார், சரி. பயந்தவன் அவசரமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். இவர்கள் மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள். உடலை மீட்கக் கொடுக்கப் போகும் பொன்னும் துணியும் அந்த வண்டியில்தான் போகின்றன. ஹெக்டரும் அதில்தான் வீடு திரும்பப் போகிறான். அதனால்தான் அந்தக் கவனம். "செத்திருக்கக் கூடாதா" என்று கேட்ட தகப்பனுக்கு அவர்கள் சொன்ன ஒரே பதில் அந்தக் கட்டு. அதை விட்டுவிட்டு முத்தத்தை மட்டும் கொண்டாடுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இன்று நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது பேரில் ஒருவன் பொலிட்டெஸ். பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் வெர்ஜில் எழுதிய ஈனியட் காவியத்தின் 2-ஆம் காண்டத்தில், டிராய் எரியும் இரவில், அக்கிலீஸின் மகன் நியோப்டாலமஸ் அவனைத் துரத்திவந்து பெற்றோரின் கண்ணெதிரே கொல்கிறான். கிழவர் பிரியாமால் பொறுக்க முடியவில்லை. நியோப்டாலமஸைச் சபித்து, வலுவில்லாத கையால் ஈட்டியை எறிகிறார். அது கேடயத்தைத் தாண்டவில்லை. மகனின் ரத்தத்தில் வழுக்கியவரைப் பலிபீடத்துக்கு இழுத்துப்போய் வாளால் குத்திக் கொல்கிறான். எந்த மகன் செத்திருக்கலாம் என்றாரோ, அவனுக்காகத்தான் எழுந்தார்.

இரண்டு காண்டங்களையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு எழுதுங்கள். கையை முத்தமிட்ட பிரியாமை விட, ஈட்டி எறிந்த பிரியாமைத்தான் எனக்குப் பிடிக்கும்.