துப்பாக்கிக்கு ஸ்கோப்: தில்லி வாசகர் கேள்விகள்

கே: என் மகள் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் 50 மீட்டர் ரைஃபிள் பழகுகிறாள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கிக் கொடுத்தால் புள்ளி ஏறுமா?
- வாசகி, மயூர் விகார்

ப: போட்டியில் அதை மாட்டவே விடமாட்டார்களே! சர்வதேச விதிப்படி 10, 50, 300 மீட்டர் ரைஃபிள் மூன்றுமே பீப் சைட்டில்தான், அதாவது சிறு துளை வழியே பார்க்கும் குறியில்தான். பார்வை குறைவென்றால் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். துப்பாக்கியில் லென்ஸ் பொருத்தக் கூடாது. 2010 காமன்வெல்த் போட்டியின் ஃபுல்போர் (பெரிய தோட்டா ரைஃபிள்) பிரிவு குர்காவ் பக்கம் காதர்பூரில் நடந்தபோது 1,000 யார்டுக்கும் இதே துளைக்குறிதான். அந்தக் காசைப் பயிற்சித் தோட்டாவுக்கு ஒதுக்குங்கள்.

கே: மகன் கனடாவில் இருக்கிறான். .308 ரைஃபிளில் 1,000 யார்டு எஃப்-கிளாஸ் (படுத்தபடி, ஸ்கோப் வைத்துச் சுடும் தொலைதூரப் போட்டி) சுட ஆரம்பித்திருக்கிறான். போகும்போது ஸ்கோப் வாங்கித் தர ஆசை. 50 மடங்கு காட்டும் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?
- வாசகர், ஆர்.கே. புரம்

ப: மடங்கைப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, குறுக்குக்கோட்டை எவ்வளவு உயரம் திருப்ப முடியும் என்பதை.

கணக்கு எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் போடுவோம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 யார்டில் சுமார் ஓர் அங்குலம், 1,000 யார்டில் பத்தரை அங்குலம். நொடிக்கு 2,600 அடி வேகத்தில் கிளம்பும் 175 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) .308 குண்டை 100 யார்டில் குறி சேர்த்துவிட்டு 1,000 யார்டுக்குப் போனால், குண்டு வழியில் கீழே இறங்குவதால் ஏறக்குறைய 38 எம்.ஓ.ஏ. மேலே திருப்ப வேண்டும். ஸ்கோப்பின் மொத்த ஓட்டம் 60 என்று பெட்டியில் போட்டிருந்தால் நடுவிலிருந்து மேலே கிடைப்பது 30தான். எட்டு குறைகிறது. அதற்குத்தான் 20 எம்.ஓ.ஏ. சரிவு வைத்த ரெயில் (துப்பாக்கிமேல் ஸ்கோப் உட்காரும் பட்டை): 30 என்பது 50 ஆகிவிடும். சரிவு கூடினால் இன்னும் நல்லதுதானே என்று 40 வாங்கிவிடாதீர்கள். கீழே இருப்பதும் 30தான் என்பதால் 100 யார்டில் குறியே சேராது.

அடுத்தது கிளிக், அதாவது ஸ்கோப்பின் குமிழைத் திருப்பும்போது வரும் ஒவ்வொரு சிறு படி. கால் எம்.ஓ.ஏ. கிளிக் 1,000 யார்டில் குறியை 2.6 அங்குலம் நகர்த்தும். எஃப்-கிளாஸின் நடு வளையமோ வெறும் 5 அங்குலம். அதனால் எட்டில் ஒரு பங்கு கிளிக் உள்ளதைக் கேளுங்கள்.

மடங்கு விஷயத்துக்கு வருவோம். 56 மி.மீ. முன்லென்ஸில் 50 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 1.1 மி.மீ.; தலை இம்மி அசைந்தாலும் இருட்டு. வெயில் ஏறினால் கானல் வேறு. மே மாதப் பகலில் நம்மூர்த் தார்ச்சாலை நெளிவது போல இலக்கு நெளியும். பெரிதாக்கினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். அப்போது 25 மடங்குக்கு இறக்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவே இறக்க வழியுள்ள ஸ்கோப்பாகவே எடுங்கள். தூரம் தெரிந்த போட்டி என்பதால் செகண்ட் ஃபோக்கல் பிளேன் (மடங்கை மாற்றினாலும் குறுக்குக்கோடு அதே அளவில் தெரியும் வகை) போதும், அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

எஃப்-கிளாஸில் .308 போன்ற ரைஃபிள்களுக்கான எஃப்.டி.ஆர். பிரிவில் ஸ்கோப், பைபாட் (இருகால் தாங்கி) எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. மகனிடம் இப்போதைய எடையைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கே: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டிய ஸ்கோப் இரண்டே மாதத்தில் குறி அலைகிறது. 10 மீட்டரில் மங்கலாகவும் தெரிகிறது. ஏன்?
- வாசகர், கரோல் பாக்

ப: இரண்டும் வேறு வேறு கோளாறு. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னாலும் உதைக்கும். பின் உதைக்கு மட்டும் செய்த ஸ்கோப் உள்ளே தளர்ந்துவிடும். ஆனால் உடனே அதைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கை ஒட்டிக் குழாயில் ஒரு பென்சில் கோடு போட்டு இருபது முறை சுடுங்கள். கோடு விலகினால் வழுக்குவது ரிங். அதற்காக முரட்டுத்தனமாக முறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே ஸ்பிரிங் தாங்கும் சிறு குழாய் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலான ரிங் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டர் போதும். ரிங்கோடு வந்த தாளையும் ஒருமுறை பாருங்கள்.

மங்கலுக்குக் காரணம், உங்கள் ஸ்கோப்பின் ஃபோகஸ் 100 யார்டுக்கென்று நிலைப்படுத்தியதாக இருக்கலாம். பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழைதான் இங்கேயும்: 40 மி.மீ. லென்ஸில் 25 யார்டு இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது குறி 15 மி.மீ. வரை தப்பலாம். 10 யார்டு வரை ஃபோகஸ் இறங்குவதாக, ஏர்கன்னுக்கென்றே செய்ததாக வாங்குங்கள்.

கே: மில்லா, எம்.ஓ.ஏ.வா? வாங்கிய ஸ்கோப் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், முனிர்க்கா

ப: எதுவானாலும் சரி, குறுக்குக்கோட்டின் அளவு ஒன்றிலும் குமிழின் அளவு இன்னொன்றிலும் மட்டும் வேண்டாம். மீட்டரில் நினைப்பவருக்கு மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கோண அளவு) எளிது: 0.1 மில் கிளிக், 100 மீட்டரில் 1 செ.மீ.

சோதனைக்கு ஒன்றரை மீட்டர் உயரத் தாள். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலை ஒட்டி நேர்கோடு போடுங்கள். 100 மீட்டரில் கோட்டின் அடியைக் குறிபார்த்து ஐந்து சுட்டு, 10 மில் மேலே திருப்பி, அதே அடியைக் குறிபார்த்து மீண்டும் ஐந்து. இரு கூட்டங்களின் நடுவுக்கும் இடையே 100 செ.மீ. இருக்க வேண்டும். 98 வந்தால் பரவாயில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மேல்கூட்டம் கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. ரிங்கைத் தளர்த்தி நூலோடு நேர்செய்யுங்கள். ஒரு பாகைச் சாய்வே 1,000 யார்டில் 7 அங்குலம் பக்கவாட்டில் தள்ளிவிடும். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பியும் குண்டு முதல் கூட்டத்துக்குத் திரும்பவில்லையென்றால், ரசீதோடு கடைக்குக் கிளம்புங்கள்.