மெதுவான குண்டு ஏன் மேலே படுகிறது?

கேள்வி: என்னிடம் 9 மிமீ பிஸ்டல் இருக்கிறது. இதுவரை 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) தோட்டாதான் வாங்கினேன். இந்த முறை 147 கிரெய்ன் வாங்கினேன். வேகம் குறைவு என்றார்கள். அப்படியானால் கீழேதானே பட வேண்டும்? 15 மீட்டரில் 2 செ.மீ. மேலே படுகிறது. துப்பாக்கியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் போட்ட கணக்கு ரைஃபிளுக்கு, அதுவும் தொலைவில் சுடும்போது பொருந்தும். பிஸ்டலில், கிட்டத்தில், பெரும்பாலும் தலைகீழாக நடக்கும்.

குழல் உங்கள் பிடிக்கு மேலே இருக்கிறது. அதனால் தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைப்பதோடு முனை மேலே எழும்பவும் தொடங்கிவிடுகிறது, குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே! மெதுவான குண்டு குழலுக்குள் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கிறது; கனமான குண்டு என்பதால் உதையும் பொதுவாகக் கூடுதல். ஆக, அது வெளியேறும்போது முனை இன்னும் சற்று உயர்ந்திருக்கும். இதெல்லாம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நடப்பது, ஆனால் இலக்கில் தெரிந்துவிடும்.

சரி, புவியீர்ப்பு எங்கே போயிற்று? நொடிக்கு 350 மீட்டரில் போகும் குண்டு 15 மீட்டருக்குள் சுமார் 9 மிமீ இறங்கும். 300 மீட்டர் வேகமென்றால் சுமார் 12 மிமீ. வித்தியாசம் வெறும் 3 மிமீ. முனை எழும்புவது அதை விழுங்கிவிடுகிறது.

இப்போது என்ன செய்யலாம்? 2 செ.மீ. உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் ஒன்றும் வேண்டாம். 147-லேயே தொடரப் போகிறீர்கள் என்றால் பின் சைட்டை (குறிபார்க்க உதவும் பாகம்) தாழ்த்துங்கள், அல்லது உயரமான முன் சைட் போடுங்கள். எவ்வளவு என்பது எளிய கணக்கு: விலகலை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்கவும். சைட் இடைவெளி 15 செ.மீ. என்றால் உங்களுக்கு வருவது 0.2 மிமீ. அரத்தை எடுத்துக்கொண்டு உட்காரும் அளவு இல்லை, பாருங்கள்.

அதற்கும் முன், கையைத் தாங்கியில் வைத்து இரண்டு வகையிலும் ஐந்தைந்து குண்டு சுட்டுப் பார்த்து, இலக்கில் விழுந்த துளைக் கூட்டங்களின் நடுப்புள்ளியை ஒப்பிடுங்கள். குழலைத் தாங்கியில் வைக்காதீர்கள், அது முடிவையே மாற்றிவிடும். பிடியும் ஒரே மாதிரி இருக்கட்டும். தளர்ந்த பிடியில் முனை இன்னும் எழும்பும். அடுத்த முறை எடை மாற்றும்போது முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள்.