பல வருடம் கழித்து ஓட ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. எப்படி மூச்சு விட வேண்டும்?

கல்லூரியில் நன்றாக ஓடியவர், இப்போது வயது 38, வேலையும் குழந்தைகளுமாக நாலைந்து வருடம் எல்லாம் விட்டுப்போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நுரையீரல் பலவீனமாகிவிட்டதா, பிராணாயாமம் மட்டும் செய்தால் போதுமா என்பதும் உங்கள் கேள்வி.

முதலில் நுரையீரல் பற்றிய கவலையை விடுங்கள். வேறு நோய் இல்லாதவருக்குப் பயிற்சி நின்றதால் நுரையீரல் பெரிதாகக் கெடுவதில்லை. கெடுவது வேறு இடத்தில். ஓட்டத்தை நிறுத்திய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் அதோடு குறைகிறது. பிறகு, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் தசைகளின் திறமையும் மெல்ல இறங்குகிறது. பழைய வேகத்திலேயே ஓடப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று ஏறும், மூளைத்தண்டு அதை உணர்ந்து "இன்னும் மூச்சு, இன்னும் மூச்சு" என்று விரட்டும். மூச்சு முட்டுவது இதனால்தான். அந்த நேரத்தில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினாலும் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

இது திரும்பி வரும். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தபோது, வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. ஐம்பது வயதில் அவர்களுக்கு நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று 6 மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். படுக்கைக்கு முன்பு, இருபது வயதில் இருந்த அளவுக்கே திரும்பினார்கள். சோர்ந்துபோய்க் கேட்கும் எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இனி மூச்சு. என் தங்கை இரண்டாவது பிரசவம் முடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு நடக்க ஆரம்பித்தாள். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நானும் கூடவே போனேன். கொஞ்சம் வேகம் கூட்டியதும் அவள் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. சின்னச் சின்னதாக உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தாள், வெளியே விடவே இல்லை. "முதல்ல முழுசா வெளியே விடு, உள்ளே இழுக்கிறது தானா நடக்கும்" என்றேன். நிறைந்த குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தானே செய்யும்? உதட்டைக் குவித்து நீளமாக விட்டதும் தோள் கீழே இறங்கிவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரைக்கும் போய்ச் சும்மா திரும்பிவிடும். அரை லிட்டர் மூச்சில் இது பெரிய நஷ்டமில்லை. நாய் இளைப்பதுபோல் மேலோட்டமாக 300 மில்லி இழுத்தால் பாதி வீண். அதனால் எண்ணிக்கையைவிட ஆழம் முக்கியம், ஆழம் வர வயிறு அசைய வேண்டும். மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றிலும் இன்னொன்றை நெஞ்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக் கை ஏறட்டும், நெஞ்சுக் கை அசையாமல் கிடக்கட்டும். தினமும் தூங்கும்முன் ஐந்து நிமிடம் போதும். பிறகு நடக்கும்போதும் அது தானாக வரும்.

மூக்கா வாயா என்று சண்டையே வேண்டாம். மெதுவாகப் போகும்போது மூக்கு நல்லது, காற்றைச் சுத்தப்படுத்தி ஈரமாக்கி அனுப்பும். வேகம் கூடினால் மூக்கு மட்டும் போதாது, வாயையும் திறங்கள். மூன்று காலடிக்கு உள்ளே இழுத்து, மூன்று காலடிக்கு வெளியே விடுவது என்று கணக்கு வைப்பது சிலருக்குப் பிடிபடும். பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தண்டால், பஸ்கி, டம்பெல் எதுவானாலும் சிரமப்படும் நேரத்தில் மூச்சை வெளியே விடுங்கள். தண்டாலில் இறங்கும்போது இழுத்து, எழும்பும்போது விடுவது. தம் கட்டித் தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். பிரஷர் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. வீட்டில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கும்போதும் இதே கதைதான்.

ஓட்டத்துக்கு வருவோம். இரண்டு வாரம் வெறும் நடை. பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி, வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. அளவுகோல் உங்கள் வாய்தான்: பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினால் குறைத்துவிடுங்கள். உடம்பு தேறிவிட்டது என்று தோன்றியதும் தூரத்தைச் சட்டென்று கூட்டாதீர்கள். இதயம் சீக்கிரம் தேறும், முழங்காலையும் குதிகாலையும் சுற்றியுள்ள தசைநார்கள் தேற மாதக்கணக்கில் ஆகும். பாதியில் விட்டுப்போகிறவர்களில் பலர் மூச்சால் அல்ல, கால் வலியால்தான் விடுகிறார்கள். நம் ஊர் ஏப்ரல், மே மாத வெயிலில் இதயத்துடிப்பு எப்படியும் கூடுதலாக ஓடும், விடிவதற்குள் முடித்துவிடுங்கள்.

பிராணாயாமம் செய்யுங்கள். நிதானத்தைக் கொடுக்கும், வெளிமூச்சை நீட்டப் பழக்கும். ஆனால் இதயத்துக்கும் கால் தசைக்கும் வேலை கொடுக்க அதனால் முடியாது, அதற்கு நடந்தே ஆக வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். இவை எதுவும் இல்லாமல், ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும்போது எந்த மூச்சுப் பயிற்சியும் கைகொடுக்காது.