கணினிக் கேள்வி பதில்: ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து

கேள்வி: சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி. கல்யாணக் கார்டு, 31ஆம் நாள் நினைவு மலர் எல்லாம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில்தான் அடிப்பேன். போன மாதம் மகன் யுனிகோட் (இணையத்தில் பாவிக்கும் பொது எழுத்து முறை) அடிக்க ஒரு மென்பொருள் ஏற்றினான். அப்படி ஒன்று முன்பே இருந்ததாம். இப்போது ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டு வருகிறது, பாமினியும் குழம்பிவிட்டது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் யுனிகோட் கேள்விக்குறியாக நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றும் ஃபோமற் செய்யச் சொல்கிறார்கள். செய்யட்டுமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம் தங்கச்சி, அவசரப்படாதீர்கள். இரண்டு மென்பொருளும் ஒரே வாசலில் நிற்கின்றன. நீங்கள் தட்டியதை ஒன்று தமிழாக்க, மற்றதும் அதிலே கைவைக்கிறது. பாமினிக்கு இந்த மென்பொருள் எதுவுமே தேவையில்லை. எழுத்துரு இருந்தால் போதும், அது ஆங்கில எழுத்தையே தமிழ் உருவில் காட்டும்: எம் கட்டை அ, கே கட்டை ம. இடையில் யுனிகோட் மென்பொருள் எம் கட்டையைப் பிடித்து ம் ஆக்கினால் பாமினி என்ன செய்யும்?

கணினியைப் போட்டவுடன், விண்டோஸ் படம் வருமுன் எஃப்8 கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். வரும் பட்டியலில் சேஃப் மோட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதில் தானாக ஓடும் மென்பொருள்கள் எழும்பாது. அங்கே பாமினி ஒழுங்காக வந்தால் விசைப்பலகையில் பிழை இல்லை. அப்புறம் வழமைபோல் திறந்து, ஸ்டார்ட்டில் எம்எஸ்கொன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஸ்டார்ட்அப் பக்கத்தில் இரண்டு மென்பொருளின் சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டு மறுபடி திறவுங்கள். பிறகு ஒன்றை மட்டும் சேருங்கள். மற்றதைக் கொன்ட்ரோல் பெனலில் போய் முழுதாக நீக்குங்கள். வைத்திருப்பதையும் பாமினி அடிக்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

பேஜ்மேக்கர் விஷயம் வேறு. அதற்கு யுனிகோட் தமிழ் தெரியாது, எதை நீக்கினாலும் வராது. அங்கே பாமினியே போகட்டும்.

ஃபோமற்றுக்கு நான் பயப்படக் காரணம் உண்டு. முன்பு கல்லடியில் ஒருவருடைய கணினியை ஃபோமற் செய்தேன். கோயில் கும்பாபிஷேக மலர் அதில் இருந்தது. கோப்புகளைப் பிரதி எடுத்தேன், எழுத்துருக்களை எடுக்கவில்லை. திறந்தால், அம்மா என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! பாமினியைத் திரும்பப் போட்டோம். தலைப்புகளுக்கு அவர் பாவித்த எழுத்துரு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. மலர் முழுக்க ஒவ்வொரு தலைப்பாக மாற்றினோம், மூன்று இரவு. அந்த மனுஷனுடைய முகம் இன்னும் நினைவில் நிற்கிறது. அதனால் இன்றைக்கே சி டிரைவில் விண்டோஸ் என்பதற்குள் ஃபொன்ட்ஸ் என்ற கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 7இல் புதிய குரோம் ஏற மறுக்கிறதே?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஏறாது. 2023இல் வந்த 109ஆம் பதிப்புதான் அதற்குக் கடைசி. பயர்பாக்ஸ் என்றால் 115 வரிசை. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவே 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராததால், வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்க வேண்டாம்.