டீச்சரிடம் கேளுங்கள்: வீட்டில் ஏது குருத்தோலை?

கேள்வி: டீச்சர், என் மகள் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ‘போன வருடக் குருத்தோலையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும்’ என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஏது குருத்தோலை? பிள்ளையைத் தனியாக நிறுத்திவிடுவார்களோ?

பதில்: நிறுத்தமாட்டார்கள் அம்மா, நிம்மதியாக இருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறு அன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையை வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதை எரித்துத்தான் தவக்காலம் தொடங்கும் நாளான சாம்பல் புதனுக்கான சாம்பலை எடுப்பார்கள். சுற்றறிக்கை எழுதுகிறவர்கள், எல்லாருக்கும் இது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருபது வருடம் அதை எழுதியவள் நான். குற்றம் என் மேலும்தான்.

அன்று திருப்பலியில், அதாவது கோயில் பூசையில், நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். உங்கள் மகளும் பூசிக்கொள்ளலாம், வேண்டாமென்றாலும் சரி. எதுவென்று வகுப்பு டீச்சருக்கு முதல் நாளே டைரியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அன்று இறைச்சி கூடாது என்ற விதி 14 வயது நிறைந்த கத்தோலிக்கர்களுக்குத்தான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவை யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தத் தேதி வருடா வருடம் மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கு 46 நாள் முன்னால் சாம்பல் புதன். 2025இல் மார்ச் 5, 2026இல் பிப்ரவரி 18. நானே ஒருமுறை பழைய சுற்றறிக்கையில் வருடத்தை மட்டும் மாற்றி, தேதியை அப்படியே விட்டுவிட்டேன். ஏழெட்டுப் பெற்றோர் தவறான புதன்கிழமை காலையில் கோயில் வாசலில் நின்றார்கள். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து நாள்காட்டியோடு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்!

கேள்வி: அடுத்த வருடம் வகுப்பில் புது நன்மைத் தயாரிப்பாம். தோழிகள் வெள்ளை உடுப்பு பற்றியே பேசுகிறார்களாம். இவளும் கேட்கிறாள். சேர்க்கலாமா?

பதில்: அது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு உரியது. பள்ளி விழா என்று நினைத்துக் குழம்பவேண்டாம். திருப்பலியில் கொடுக்கும் அப்பமான நற்கருணையைப் பிள்ளைகள் முதன்முதலாக வாங்கும் நாள் அது. முன்பெல்லாம் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வைப்பார்கள். 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர்தான் விவரம் தெரியும் ஏழு வயதையொட்டியே கொடுக்கலாம் என்றார். அதனால்தான் இது தொடக்கப் பள்ளி நாட்களிலேயே வந்துவிடுகிறது.

பிள்ளையிடம் “நமக்கு இல்லை” என்று வெட்டிப் பேசாதீர்கள். தோழிக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லுங்கள். அன்று பாடல் குழுவில் சேரலாமா என்று டீச்சரைக் கேளுங்கள். என் வகுப்பில் இப்படிச் சேர்ந்த ஒரு பையன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினான், சுருதி மட்டும் வேறு. உடுப்பு ஆசை வாரம் இரண்டில் போய்விடும்.

கேள்வி: மாலை மணி அடித்ததும் வாசலில் வைத்தே டீச்சரிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசலாமா? என் மனைவி கூடாது என்கிறாள்.

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, தம்பி. அந்தப் பத்து நிமிடம் டீச்சரின் கண் எந்தப் பிள்ளை யார் கையைப் பிடித்துப் போகிறது என்பதில் இருக்கவேண்டும். நேரம் கேட்டுக்கொண்டு தனியாகப் போய்ப் பாருங்கள். அப்புறம், வேறு யாராவது கூட்டிப்போக வருவதாக இருந்தால் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். “சித்தப்பா வருவார்” என்று பிள்ளை வாயால் சொல்வதை நம்பி நாங்கள் அனுப்பமாட்டோம்.