புது உப்புநீர்த் தொட்டியில் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி, மருந்து ஊற்றலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால்: சிங்கப்பூர் செங்காங்கில் வீவக அடுக்குமாடி வீடு, மூன்றடித் தொட்டி, வைத்து மூன்று வாரம். உள்ளே இரண்டு நீமோ (கோமாளி மீன்), ஒரு டோரி (நீல டேங் மீன்), மீன் மேல் உள்ள ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னும் ஒரு கிளீனர் இறால். டோரி மேல் வெள்ளைப் புள்ளிகள். நீமோ இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்குகின்றன. மூன்றுமே சாப்பாட்டைத் தொடவில்லை. கடை அங்கிள் கொடுத்த பாட்டிலை ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். மருந்து தேவைப்படலாம், ஆனால் மீன்களை வெளியே எடுத்து வேறு பெட்டியில் வைத்த பிறகுதான். அதற்கும் முன்னால் இன்றைக்கே அமோனியா டெஸ்ட் போட்டுப் பாருங்கள்.

மூன்று வாரத் தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி முடிந்திருக்கும் என்று நம்ப முடியாது, பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் மெதுவாகத்தான் பெருகும். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் கணக்குத் தப்புகிறது. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருக்கும். அந்த அளவில் அமோனியாவின் நச்சுப் பகுதி, பிஎச் 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். வெப்பம் கூடினால் இன்னும் ஏறும். செவுள் எரிந்து, மூச்சு வாங்கி, சாப்பிடாமல் கிடக்கும் மீனைப் பார்த்தால் நோய் என்றுதான் தோன்றும். நைட்ரைட் எண்ணைப் பார்த்து அதிகம் பதற வேண்டாம், கடல்நீரில் உள்ள குளோரைடு அதை மீனின் உடம்புக்குள் நுழைய விடாமல் பெருமளவு தடுத்துவிடும்.

டெஸ்டில் அமோனியா நிறம் கொஞ்சம் காட்டினாலும் இன்று இரவே 30 முதல் 40 விழுக்காடு நீரை மாற்றுங்கள். புதுநீர் அதே உப்பளவு, அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். குழாய்நீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரில் தாத்தா காலத்தில் செய்ததை இங்கே செய்யாதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன், அது ஒரு நாளில் பறந்து போகாது. வெறும் குளோரின் நீக்கி அதை உடைக்கும்போது இன்னும் கொஞ்சம் அமோனியாவைத்தான் வெளியே விடும். உப்பு, தாது எல்லாம் வடிகட்டி நீக்கிய ஆர்ஓ டிஐ நீர் சிறந்தது. இல்லையென்றால் அமோனியாவையும் சேர்த்துக் கட்டும் கண்டிஷனர் வாங்குங்கள்.

அடுத்தது காற்று. 30 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 6.2 வரைதான். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத நம் வரவேற்பறையில் பிற்பகலில் நீர் எளிதாக 30ஐத் தொடும். ஏர் பம்ப் ஒன்றைப் போடுங்கள், வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) நீர்மட்டம் நன்றாகக் கலங்கும்படி திருப்புங்கள், ஒரு சிறு ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் ஓட விடுங்கள். ஃபேன் ஓடினால் நீர் ஆவியாகி உப்பளவு ஏறும், குறைந்த அளவை உப்பில்லாத ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். "வெள்ளைப் புள்ளிக்கு வெப்பத்தை ஏற்று" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நன்னீர் ஒயிட்ஸ்பாட்டுக்கான வைத்தியம். கடல் ஒயிட்ஸ்பாட் வேறு உயிரி, நம் வெப்பம் அதற்கு நன்றாகவே ஒத்துப்போகும். மூச்சு வாங்கும் மீனுக்கு ஆக்சிஜன் குறைவதுதான் மிச்சம்.

இனி நோய். விளக்கை வெள்ளைக்கு மாற்றிவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்கல் அளவில், எண்ணக்கூடிய புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் கிரிப்டோகேரியான், அதாவது கடல் ஒயிட்ஸ்பாட் ஒட்டுண்ணி, கடைகளில் 'இக்' என்பார்கள். எண்ண முடியாத அளவுக்குப் பொடியாக, மாவு படிந்த மாதிரி இருந்து, மீன் வெளிச்சத்தை ஒதுக்கி, நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து வேகமாக மூச்சு விட்டால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அது சில நாளில் தொட்டியையே காலி செய்யும். நீமோ மேல் சளி உரிந்து தொங்கினால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி, நீமோ வகை மீன்களுக்கு அடிக்கடி வருவது. உங்கள் டோரிக்கு இக் என்றுதான் தோன்றுகிறது. நீமோ மேலே வந்து மூச்சு வாங்குவதுதான் என்னை உறுத்துகிறது. அமோனியா சுழியம் என்று வந்தும் அது தொடர்ந்தால் வெல்வெட்டா, புரூக்லினெல்லாவா என்று உடனே பாருங்கள்.

இக்கின் வாழ்க்கைச் சுற்றை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் தின்று பருக்கும், பிறகு பெரும்பாலும் இருட்டில் உதிர்ந்து மணலிலும் கல்லிலும் கூடு கட்டும். கூட்டுக்குள் பல நூறாகப் பிரிந்து, சில நாளிலோ சில வாரத்திலோ வெளியே வந்து மீனைத் தேடும். அப்போது ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். அதாவது நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒரு வாரத்தில் புள்ளிகள் காணாமல் போகும். பூண்டுச் சாறு, "பவளத்துக்குப் பாதுகாப்பானது" என்று எழுதிய பாட்டில், இஞ்சி எல்லாமே இந்த ஒரு வாரத்தில்தான் பெயர் வாங்குகின்றன. இரண்டாவது சுற்றில் பத்துப் புள்ளிக்குப் பதில் நூறு வரும். கிளீனர் இறால் இதைச் சரிசெய்யும் என்பதையும் நான் நம்புவதில்லை. யூவி விளக்கு எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது.

இக்கை உண்மையில் கொல்லும் மருந்து செம்பு. அதைத் தொட்டியில் ஊற்றினால் இறால் சாகும், நத்தை சாகும், கல்லும் மணலும் செம்பை உறிஞ்சுவதால் அளவு நிற்காது. சில மருந்துகள் இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும், பிறகு அமோனியா மறுபடி தலைதூக்கும். அதனால்தான் மீனை வெளியே எடுக்கச் சொல்கிறேன்.

மருத்துவமனைத் தொட்டிக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. 40 லிட்டர் பிடிக்கும் டோயோகோ பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள ஹார்ட்வேர் கடையில் வாங்கிய பிவிசி குழாய்த் துண்டுகள், மூடி. மணலும் கல்லும் கூடாது. இடத்துக்கு என்ன செய்வது என்றால், என் வீட்டில் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை)தான் மீன் வார்டு. கதவைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். "இவ்வளவு வெள்ளி கொட்டி வளர்க்கிற மீன் தேக்கா மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கிறதே" என்று அம்மா கேட்பதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

உங்களுடையது இக்தான் என்றால் செம்புக்குப் போகாமல் பெட்டி மாற்றும் முறையைத்தான் நான் சொல்வேன். மீன்களை முதல் பெட்டியில் விடுங்கள். 72 மணி நேரத்துக்குள் எல்லாம் புதிதான இரண்டாவது பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய பெட்டி, குழாய், ஏர் ஸ்டோன், வலை எல்லாவற்றையும் கழுவி எலும்பு மாதிரிக் காயவைத்து அடுத்த மாற்றத்துக்குத் தயாராக்குங்கள். இப்படி நான்கு மாற்றம், 12 நாள். மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி கூட்டிலிருந்து வெளிவருவதற்குள் மீன் இடம் மாறியிருக்கும், தத்துவம் அவ்வளவே. மாற்றும்போது பழைய நீர் கூடுமானவரை ஒட்டி வரக்கூடாது. ஒவ்வொரு முறையும் முழுக்கப் புதுநீர் என்பதால் அமோனியாவும் அதிகம் சேராது, சேர்ந்தால் கண்டிஷனர் போடலாம். 40 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பு ஆகும், பெரிய வாளியாக வாங்கிவிடுங்கள்.

வெல்வெட் என்றால் இந்த முறையை நம்பக் கூடாது, செம்புதான். கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) செம்பு என்றால் பொதுவாக 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), சாதாரண அயனிச் செம்பு என்றால் 0.15 முதல் 0.20 பிபிஎம். இரண்டும் பத்து மடங்கு வேறுபடுவதால் பாட்டிலில் எந்த வகை என்று பார்க்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள், டெஸ்ட் கிட்டும் அதே வகையை அளக்கக்கூடியதாக இருக்கட்டும். அளவை ஓரிரு நாளில் படிப்படியாக ஏற்றி, குறையாமல் 30 நாள் வைத்திருக்க வேண்டும். மாற்றும் புதுநீரிலும் அதே அளவு செம்பு கலந்திருக்கட்டும். செம்பு இருக்கும் நீரில் அமோனியா கட்டும் கண்டிஷனரை ஊற்றவே கூடாது, சில வகைச் செம்பு இன்னும் கொடிய நச்சாக மாறும். புரூக்லினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியல். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள், கையுறை போட்டு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டியது. பிள்ளைகள் உள்ள வீட்டில் வைத்திருக்க நான் தயங்குவேன்.

மீன் வெளியேறிய பிறகு பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுங்கள். கூட்டிலிருந்து மிகத் தாமதமாக வெளிவந்தவை 72 நாள் வரை எடுத்ததாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள், அதற்கு மேல் சில நாள் சேர்த்த எண் அது. இறால் உள்ளேயே இருக்கட்டும், அதற்குச் சாப்பாடு போட்டால் பாக்டீரியாவுக்கும் தீனி கிடைக்கும். இடையில் எந்தப் பவளமோ நத்தையோ சேர்க்காதீர்கள், ஓட்டில் கூடு ஒட்டி வரும். ஒரே கையை, ஒரே வலையை இரண்டு பக்கமும் விடாதீர்கள். காலித் தொட்டியைப் பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் சுழற்சி அந்த இடைவெளியில் ஒழுங்காக முடிந்துவிடும்.

சாப்பாடு: இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. உறைந்த மைசிஸை (பொடி இறால் போன்ற உயிரி) உருக்கிக் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள், டோரிக்குப் பேரங்காடியில் கிடைக்கும் மசாலா சேர்க்காத நோரி (கடற்பாசி)த் தாளைக் கிள்ளிப் போடுங்கள். பத்து நிமிடத்தில் தொடாததை வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கேள்வியில் இல்லாதது. கொசுப் புகை அடிக்க ஆள் வரும் நாளில் தொட்டியையும் பெட்டியையும் மூடி, ஏர் பம்பை நிறுத்தி, ஜன்னலை அடையுங்கள். அந்தப் புகையில் பெரும்பாலும் இருக்கும் பைரித்திராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு, ஏர் பம்ப் அதை நேராக நீருக்குள் செலுத்தும். புகை கலைந்ததும் பம்பை மறக்காமல் போடுங்கள்.

டோரி பிழைத்தாலும் மூன்றடித் தொட்டி அதற்குப் போதாது, முழு வளர்ச்சியில் 30 செண்டிமீட்டர் வரும். போதாததற்கு இக் முதலில் பிடிக்கும் மீன் அதுதான். குணமானதும் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த மீன் வாங்கும்போது செராங்கூன் நார்த் கடைகளானாலும் வேறெங்கானாலும், கண் முன்னால் சாப்பிடப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தின்னாத மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

அமோனியா, உப்பளவு, வெப்பம் மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நீமோவின் பக்கவாட்டுப் படம் ஒன்றும் போடுங்கள். நீல விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள், அதில் புள்ளியும் தெரியாது, சளியும் தெரியாது.