பெரிய வேலையைச் செயலியில் சின்னச் சின்னதாகப் பிரித்துப் போட்டும் முடிக்க முடியவில்லையே, ஏன்?

எப்படிப் பிரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் நாளே உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போட்டால் பட்டியலைத் திறக்கவே அலுப்பாகிவிடும்.

நான் பாலக்கோடு பக்கம். எங்கள் கொல்லையில் தக்காளிக்குச் சொட்டுநீர் போடும் வேலை முழுக்க என் தலையில்தான் விழுந்தது. சிறு, குறு விவசாயி என்றால் 5 ஏக்கர் வரை 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஆனால் 'மானியத்துக்கு விண்ணப்பிக்கணும்' என்று ஒரே வரியாக எழுதி வைத்தால் அது அப்படியே கிடக்கும், ஏனென்றால் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (என்ன பயிர் என்ற பதிவு), நில வரைபடம், சிறு விவசாயி சான்று, மண் பரிசோதனை எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடம் போகணும்.

ஒரே தடவை போய், ஒரே இடத்தில் முடிந்துவிடுமா? என் கணக்கில் அதுதான் ஒரு படி. சிட்டாவை போனிலேயே எடுத்துவிடலாம், ஒரு படி. சிறு விவசாயி சான்று அப்படி இல்லை. இ-சேவை மையத்தில் பதிவது நம் வேலை, அப்புறம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று அது நகர்வது அவர்கள் வேலை. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் நம் பங்கை முடித்த பிறகும் டிக் போட முடியாது. அதனால் 'சான்றுக்குப் பதி' என்று ஒன்று, 'சான்று யாரிடம் நிற்கிறது என்று கேள்' என்று தேதியோடு இன்னொன்று. நான் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் டூ டூ செயலியில் ஒரு வேலைக்குள் போடும் படிகளுக்குத் தனித் தேதி வைக்க முடியாது, ஆகவே காத்திருக்க வேண்டியதைத் தனி வேலையாகவே போட்டேன். டோடோயிஸ்ட் செயலியில் உள்ளே இருப்பதற்கும் தேதி வைக்கலாம்.

மண் பரிசோதனையையும் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. கொல்லையில் பல இடங்களில் 'வி' மாதிரிக் குழி வெட்டி, ஓரத்திலிருந்து முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, கடைசியில் அரைக் கிலோ வருகிற மாதிரி குறைக்கணும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தணும். எடுப்பது ஒரு நாள், கொண்டுபோய்க் கொடுப்பது வேறொரு நாள்.

குழாய் வேலையை மட்டும் நான் பிரிக்கவே இல்லை. கம்பெனி ஆள் வந்து அளவெடுக்காமல் அதில் என்னென்ன வரும் என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரியாததைப் பிரித்து எழுதுவது வீண்.

இதற்கெல்லாம் நோட்டு போதாதா என்று யாராவது கேட்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை காலையில் போன் மணி அடித்து ஞாபகப்படுத்தினால்தான் எனக்கு நடக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். அண்ணன் ஓசூரில் வேலை பார்க்கிறார், "நீ வீட்டுல சும்மாதானே இருக்கே" என்று இத்தனை வேலையையும் என்னிடம் தள்ளிவிட்டார். வீட்டில் இருக்கும் பெண் என்றால் எல்லாருக்கும் இந்த நினைப்புதான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டியலை அவருக்கும் பகிர்ந்தேன். எது எது யாரிடம் நிற்கிறது என்று அதிலேயே பார்த்தார். பள்ளம் எடுக்க ஆள் பிடிப்பதை அவர் பெயரில் போட்டேன், மறுபேச்சு இல்லாமல் செய்துகொடுத்தார்.